நொண்டாத குதிரை

ஏப்ரல் 29, சனி

சீசன் தொடங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து கீழேயிருந்து மலைக்குக் கார்களாக ஏறி வருகின்றன. வத்தலக்குண்டிலிருந்து வந்த சோள மூட்டை பாதி நனைந்திருந்தது. அடுப்பில் வைத்தால் வேகாமல் புகைகிறது. கண்ணெரிச்சல், போதாக்குறைக்கு முட்டிவலி. ஐம்பத்திரண்டு வயதில் ஏரிக்கரையில் குந்தி உட்கார்ந்து சோளம் சுட வேண்டும் என்று என் தலையில் எழுதியவர் நேரில் அகப்பட்டால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன்.

என் கடைக்கு நேர் எதிரே குதிரைச் சவாரி ஸ்டாண்டு. அங்கே நிற்கும் குதிரைகளில் ஒன்று என் தம்பி சவரியுடையது. பெயர் டெய்சி. செவலை நிறம், பெட்டை. அந்த ஒரு குதிரையை வைத்துத்தான் அவனும் அவன் பெண்டாட்டி பிலோமியும் சாப்பிடுகிறார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். டெய்சியைக் கட்டுவது என் சமையலறை ஜன்னலுக்கு அடியில். அது பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும்.

இன்று டெய்சி வலது முன்னங்காலை நொண்டுகிறது. மற்றவர்கள் காலைப் பார்ப்பார்கள். நான் தலையைப் பார்ப்பேன். நோகிற கால் தரையில் படும்போது குதிரையின் தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். எங்கள் அப்பா குதிரை வாங்கி விற்றவர். குதிரைக்காரன் மகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரைக்காரன் மகனுக்கும்தான்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் தலை ஏறி இறங்கியது. மேலே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது ஆட்டம் போலத் தெரிந்ததோ என்னவோ, கைதட்டின.

படகுத்துறையில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். விலங்குகளை வதைப்பது குற்றம், புகார் சொல்ல இந்த நம்பர் என்று. போகிற போக்கில் கண்ணில் பட்டது. குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதில் ஒன்றும் தப்பில்லையே.

ஏப்ரல் 30, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் கடை. திருவிழாக் கூட்டம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு டெய்சி மேல் ஏறினார்கள். பொதிக்கழுதைக்குக்கூட அவ்வளவு ஏற்ற மாட்டார்கள். மேட்டு வளைவில் அதற்குக் கால் மடங்கியது. சவரி கடிவாளத்தைச் சுண்டி நிமிர்த்திவிட்டான்.

மத்தியானம் சோறு கொடுக்கும்போது கேட்டேன்.

“டேய், கால் வீங்கிக் கெடக்கு. ரெண்டு நாள் கட்டிப் போட்டாத்தான் என்ன?”

“சீசன்ல கட்டிப் போட்டா மழைக்காலத்துல நான் என்னத்த திங்கிறது? குதிரைக்கு வைக்கிற கொள்ளையா?”

“அது படுத்துருச்சுன்னா?”

“ஜூன் மாசம் வரட்டும்க்கா. மாசம் பூராம் படுத்தே கெடக்கட்டும். நான் தடவி விடுறேன். இப்ப என்னைய ஒண்ணுஞ் சொல்லாத.”

தடவாமல் இல்லை. தினமும் சாயங்காலம் உப்புப் போட்ட வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பத்து எல்லாம் அவன்தான் போடுகிறான். கெட்டவன் இல்லை என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு விவரம் தெரியாத வயசு. என் இடுப்பில் வளர்ந்தவன். அவனைப் பற்றி ஊரார் யாரும் என்னிடம் வந்து குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை.

மே 2

வீக்கம் முட்டிக்கு ஏறிவிட்டது. ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. அவனவன் குதிரைக்கு அவனவன் ராஜா.

மே 4

மத்தியானம் பெரிய மழை. கூட்டம் கலைந்துவிட்டது. கோவில் படிக்கட்டில் ஒதுங்கி நின்று போனில் கொஞ்சம் பேசினேன். யாரோடு என்பதையெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. ஒரு பெண் பேசினாள், மரியாதையான பெண். பேர் மதுமிதா என்றாள். கடைசியில் என் பேரைக் கேட்டாள். சிக்னல் போய்விட்டது. மலையில் சிக்னல் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து நெத்திலிக் குழம்பு வைத்தேன். சவரிக்குப் பிடிக்கும். ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்ன மதினி இன்னைக்கு விசேஷம்?” என்றாள் பிலோமி. குழம்பு வைக்க விசேஷம் வேண்டுமா?

மே 6, சனி

ஸ்டாண்டு முழுக்க ஒரே கொதிப்பு. யாரோ புகார் கொடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை மாட்டு டாக்டரும் ஆட்களும் பார்க்க வருகிறார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்தானே பரிசோதனை? இவர்களுக்கு முந்தியே தகவல் வந்துவிட்டது. எந்த ஆபீசிலிருந்து எந்த மகராசன் சொன்னானோ, ஸ்டாண்டுத் தலைவர் பெர்க்மான்ஸ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் அறிவித்தார்.

“செவலைக் குதிரைன்னே சொல்லிருக்கான்யா. நம்மளத் தெரிஞ்ச எவனோதான்.”

சவரி திரும்பி சைக்கிள் கடையைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஏரியைச் சுற்ற வாடகைக்கு சைக்கிள் விடும் துரைக்கண்ணு அண்ணனுக்கும் ஸ்டாண்டுக்கும் நெடுநாள் பகை. குதிரைச் சாணி அவர் சைக்கிள் வரிசைக்கு முன்னால் விழுகிறது என்று போன வருஷம் நகராட்சிக்கு மனுக் கொடுத்தவர்.

“அவந்தான். வேற எவனுக்கு இந்த வயித்தெரிச்சல்?” என்றான் சவரி.

நான் சோளத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நிறைய மிளகாய்ப் பொடி. அந்த நேரத்தில் யார் என்ன பேச முடியும்?

சாயங்காலம் முற்றத்தில் லாடம் அடிக்கும் சத்தம். சவரியே அடிக்கிறான், அப்பாவிடம் கற்ற கை. அடுத்தவாரம் மாற்ற வேண்டிய லாடத்தை இன்றே மாற்றுகிறான். பயம் வந்ததே, நல்லதுதான். பயத்திலாவது அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வான்.

மே 8, திங்கள்

மாதாவே, உமக்கு நன்றி.

பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார்கள். டாக்டர், ஒரு எழுத்தர், கூடவே கண்ணாடி போட்ட சின்னப் பெண். அவள்தான் மதுமிதா என்பது குரலிலேயே தெரிந்தது. எல்லாக் குதிரைகளையும் தார் ரோட்டில் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அடுத்து டெய்சியின் முறை வந்தது.

டெய்சி நொண்டவில்லை. போகும்போதும் வரும்போதும் தலையைத்தான் பார்த்தேன். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. டாக்டர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “பழைய வீக்கம். நடை நல்லாத்தான இருக்கு?” என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். நடை கொஞ்சம் குட்டையாக இருந்தது, இறுக்கிக் கட்டின புடவையோடு நடக்கிற மாதிரி. புது லாடம் பழகவேண்டும் அல்லவா.

மதுமிதா கடை கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கூப்பிட்டவர் எங்கேயாவது நிற்பார் என்று தேடினாள் போலிருக்கிறது. என் முன்னால் வந்து நின்றாள்.

“சோளம் தரட்டுமாம்மா?” என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த மட்டில் எழுதி முடித்திருக்கலாம். சாயங்காலம் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. ஜீப் இறங்கிப் போனதும் சவரியும் இன்னும் மூன்று பேரும் துரைக்கண்ணு அண்ணன் கடைக்குப் போனார்கள். சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்தன. அவர் தடுக்க வந்தார். சவரி அவர் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. “நான் பண்ணலடா, சத்தியமா நான் பண்ணல” என்று அந்த மனுஷர் கத்தியது என் கடை வரைக்கும் கேட்டது.

நான் கடையை மூடிக்கொண்டிருந்தேன்.

மே 9

துரைக்கண்ணு அண்ணனைப் பார்க்க ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். கையில் மாவுக்கட்டு. போலீசுக்குப் போகவில்லையாம். ஏரிக்கரையில் பிழைக்க வேண்டுமே என்றார்.

“நான் போன் பண்ணல தங்கச்சி. அதைச் சொல்லிக்கிறதுல எனக்குப் பெருமையும் இல்ல. நாள் தவறாமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அது காலை இழுத்து இழுத்து வச்சதை. பண்ணிருக்கணும்.”

“விடுங்கண்ணே.”

“பண்ணது யாரோ, என் கை ஒடைஞ்சது அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

“தெரியாமலா இருக்கும்” என்றேன். ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 12

டெய்சி இன்று பகலில் படுத்துவிட்டது, ஸ்டாண்டிலேயே, ரோட்டோரத்தில். குதிரை பகலில் சும்மா படுக்காது. சவரி வாலைத் திருகி எழுப்பினான். எழுந்து நின்று இந்தக் காலை மாற்றி, அந்தக் காலை மாற்றி, சுடுமணலில் நிற்கிற மாதிரி நின்றது. கொள்ளுத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஆனால் நொண்டவில்லை.

பிலோமி துணி துவைக்கும்போது என்னமோ சொல்ல வந்தாள். “மதினி, அந்தக் குதிரைய...” என்றாள். சவரி வாசலுக்கு வந்தான். அவள் துணியைப் பிழிந்தாள்.

வெயில் அதிகம். வெயிலுக்குத்தான் அப்படிப் படுத்திருக்கும்.

மே 14, ஞாயிறு

அவர்கள் இருவரும் பூசைக்குப் போனார்கள். எனக்கு முட்டிவலி என்று சொல்லி இருந்துவிட்டேன். வலி இல்லாமல் இல்லை.

வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வீங்கிய வலது காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன், பேசாமல் நின்றது. இடது காலைத் தொட்டதும் உடம்பு முழுக்க நடுங்கியது. நல்ல கால் அது. குளம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வீச்சம். புது லாடத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு தோல் துண்டு வைத்து அடித்திருக்கிறான். தோலின் ஓரத்தை விரலால் நெம்பினேன். உள்ளே கல்.

தெரியாமல் இடுக்கில் மாட்டின கல் இல்லை. ஏரியில் பொறுக்கிய வழுவழுப்பான கல். பாதத்தின் மெத்தென்ற இடத்தில் பார்த்து வைத்து, விழாமல் தோல் கட்டி, மேலே லாடம் அடித்திருக்கிறான்.

அப்பா இதைச் செய்வார். கீழே சந்தைக்கு நொண்டிக் குதிரையைக் கொண்டுபோகும் காலையில் செய்வார். இதற்குச் சமன் வைப்பது என்று பேர். ஒரு கால் நொந்தால் குதிரை அந்தக் காலைக் காப்பாற்ற நொண்டும். இரண்டும் ஒரே அளவு நொந்தால் எதைக் காப்பாற்றும்? நேராக நடக்கும். “ஒத்தக் காலு நொண்டுனா ஊரே பாக்கும். ரெண்டு காலும் நொண்டுனா கர்த்தர் மட்டுந்தான் பாப்பாரு” என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம், நானும் சவரியும்.

அப்பா சந்தைக்கு வைத்து, சந்தை முடிவதற்குள் வாங்குகிறவன் தலையில் கட்டிவிடுவார். இவன் எட்டாந்தேதி பரிசோதனைக்கு வைத்ததை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் நொண்டும், நொண்டினால் மறுபடி புகார் போகும்.

அந்தக் குட்டை நடையை அன்றே பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய்.

பூசை முடிந்து வந்தவனை முற்றத்திலேயே மறித்தேன்.

“கல்லை எடுடா.”

அவன் பிலோமியைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

“எந்தக் கல்லு?”

“அப்பன் வச்ச கல்லுதான். எடு. காலு அழுகுது, மூக்கு இல்ல உனக்கு?”

“சீசன் முடியட்டும். எடுத்துருவேன்.”

“அது அதுவரைக்கும் நிக்காதுடா, பாவி.”

அவனுக்குக் கண் கலங்கியது. அதையும் சொல்ல வேண்டும்.

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? வலது காலு ஒண்ணோட போயிருக்கும். நொண்டிக்கிட்டே சீசனை ஓட்டிட்டு, ஜூன்ல தேத்தியிருப்பேன். ஒரு போன் போட்டான் பாரு, அவன் வச்ச கல்லுதான்க்கா இது. நான் வைக்கல. அவன் வச்சான்.”

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 15

எழுத ஒன்றுமில்லை. சோளம் நிறையக் கருகிவிட்டது.

மே 16, செவ்வாய்

இன்று இரண்டாம் தடவை போன் செய்தேன். முதல் தடவையும் நான்தான் செய்தேன். எழுதிவிட்டேன், போதுமா.

மதுமிதாதான் எடுத்தாள். “நாங்க வந்து பாத்தப்ப நல்லா நடந்துச்சேம்மா?” என்றாள்.

“நல்லா நடக்கல. நொண்டாம நடந்துச்சு. ரெண்டும் வேற.”

அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கேட்டாள்: “நாங்க திரும்ப வந்தா நீங்க நேர்ல வந்து சொல்வீங்களா? பேர் இல்லாத புகார்னா டாக்டருக்கும் தைரியம் வராது.”

“இடது காலு லாடத்தைக் கழட்டச் சொல்லுங்க. அம்புட்டுதான். வர்றதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீங்க.”

பேர் சொல்லவில்லை. இந்தத் தடவை சிக்னல் நன்றாகவே இருந்தது.

மே 19, வெள்ளி

வந்தார்கள். யாருக்கும் தகவல் இல்லை. வாடகைக் காரில் வந்து, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கினபோதுதான் தெரிந்தது. மதுமிதா, ஒரு போலீஸ்காரர், போன தடவை வராத வேறொரு இளவயது டாக்டர். டெய்சி அப்போதுதான் ஒரு ரவுண்டு முடித்துவிட்டு வந்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை, இந்தக் குளிரில்.

நடத்தச் சொன்னார்கள். நடந்தது. நொண்டவில்லை.

“பாத்தீங்களா சார், அன்னைக்கும் இதே கதைதான். இவுகளுக்கு வேற வேலை இல்ல” என்றார் பெர்க்மான்ஸ். ஸ்டாண்டு ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். சுற்றுலாக்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள்.

மதுமிதா இடது காலைக் காட்டினாள். டாக்டர் குனிந்தார். டெய்சி காலை உதறியது. சவரி முன்னால் வந்து நின்றான்.

“புது லாடம் சார். கழட்டுனா ஆணி போட்ட எடமெல்லாம் பிஞ்சுரும். அப்புறம் என் பொழப்பு போச்சு. எவன் பொறுப்பு? எழுதிக் குடுங்க. புகார் சொன்னவன் பேரைச் சொல்லுங்க, கழட்டுறேன்.”

டாக்டர் மதுமிதாவைப் பார்த்தார். அவள் என்ன சொல்வாள் பாவம்? பேர் தெரியாதே. “வெளியில காயம் எதுவும் தெரியல. நடையும் சரியா இருக்கு. சந்தேகத்துக்கு லாடத்தக் கழட்ட முடியாதுங்க” என்றார். போலீஸ்காரர் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். கார் கதவைத் திறந்துவிட்டார்கள்.

எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத மாட்டேன். ஆனால் டெய்சி அங்கே இந்தக் காலை மாற்றி, அந்தக் காலை மாற்றி நின்றுகொண்டிருந்தது. இவர்கள் போனால் அடுத்த ரவுண்டு. அதற்கு அடுத்த ரவுண்டு. அது சாகும் வரைக்கும் நேராக நடக்கும்.

சோளம் திருப்புகிற இடுக்கி கையில் இருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

“கழட்டிப் பாருங்க சார். உள்ள கல்லு இருக்கு. வச்சது இவந்தான். நான்தான் போன் பண்ணேன். ரெண்டு தடவையும் நான்தான் பண்ணேன். என் பேரு லூர்துமேரி. இவனுக்கு நான் கூடப்பொறந்த அக்கா.”

சைக்கிள் கடை வாசலில் துரைக்கண்ணு அண்ணன் மாவுக்கட்டுக் கையோடு நின்றார். நான் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கவில்லை.

சவரி என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா போன அன்றைக்கு என்னைப் பார்த்தானே, அந்தப் பார்வை.

லாடத்தைக் கழற்றினார்கள். நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. தோலை உரித்ததும் கல் விழுந்தது, பின்னாலேயே சீழ். கறுப்பாக, கொட்டிக்கொண்டே இருந்தது. படம் பிடித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். டாக்டர் மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “உள்ள எலும்பே எறங்கிருச்சு போலிருக்கு” என்று ஆங்கிலமும் தமிழுமாக மதுமிதாவிடம் சொன்னார். டெய்சி காலைக் கீழே வைக்கப் பார்த்தது. முடியவில்லை. வலது காலில் ஊன்றப் பார்த்தது. அதுவும் முடியவில்லை. முழங்கால் போட்டு, அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டது.

சவரி அதன் தலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அந்தக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தான், முன்னே பின்னே பார்க்காத பொருளைப் பார்க்கிற மாதிரி. “இம்புட்டு ஆகும்னு எனக்குத் தெரியாதே” என்றான். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் லாரி வந்தது. கீழே இருக்கும் விலங்குக் காப்பகத்துக்கு. டெய்சியைக் கட்டிலில் தூக்குவது போலப் பலகையில் வைத்து ஏற்றினார்கள். போலீஸ்காரர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் சவரி பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

மே 21

கடைக்குப் போனேன். அடுப்பு நிறையச் சாணி அடைத்து வைத்திருந்தார்கள். கழுவிப் பற்றவைத்தேன். பக்கத்துக் கடலைக்காரி என்னோடு பேசவில்லை. “சொந்தத் தம்பி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு எப்புடித்தான் அடுப்புப் பத்தவைக்கிறாளோ” என்று காற்றுக்குச் சொன்னாள். காற்று கொண்டுவந்து கொடுத்தது.

துரைக்கண்ணு அண்ணன் கடைப்பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் ஒரு கையால் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ரொட்டி கொண்டாந்தப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?” என்றார்.

“சொல்லிருக்கணும்ணே.”

“ம்” என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

மே 24

மதுமிதா போன் செய்தாள். எலும்பு பாதத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டதாம். இனி நிற்காதாம். ஊசி போட்டுவிட்டார்கள். “வலி இல்லாமத்தான்மா போச்சு. உங்க தம்பி கடைசி வரைக்கும் தலையை மடியில வச்சிருந்தாரு” என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ.

“நான் மொதத் தடவையே பேரைச் சொல்லியிருந்தா?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா” என்றாள். நல்ல பெண். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு.

மே 27

சவரி வந்துவிட்டான். தோளில் வெறும் தலைக்கயிறு. முற்றத்தில் டெய்சியைக் கட்டுகிற கட்டையில் மாட்டிவிட்டு உள்ளே போனான். வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு சவாரிக் காசு பெறாத அபராதமாம். சட்டம் எழுதினவர்கள் குதிரைமேல் ஏறினதே இல்லை போலிருக்கிறது.

ஜூன் 3

பிலோமி முற்றத்துக்கு நடுவில் தகரம் நிறுத்தி மறைத்துவிட்டாள். ஆணி அடிக்கும்போது ஜன்னல் வழியே, “மதினி, உங்களைக் குத்தஞ் சொல்லல. அவரால உங்க மொகத்தைப் பாக்க முடியல, அதான்” என்றாள். நான் சுத்தியல் வேண்டுமா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

ஜூலை 18

மழை. கடை இல்லை. ஜன்னலுக்கு அடியில் மூச்சுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

ஆகஸ்டு 20

சவரிக்கு வேலை கிடைத்திருக்கிறது. பெர்க்மான்சின் சாம்பல் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கூலி வேலை. சொந்தக் குதிரை வைத்திருந்தவன். ரோட்டில் எதிரே வந்தான். நான் நின்றேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போனான், மழைத்தண்ணீர் தேங்கின பள்ளத்தைச் சுற்றிப் போவதுபோல.

செப்டம்பர் 24, ஞாயிறு

இரண்டாம் சீசன் வந்துவிட்டது. மூடுபனி, கல்யாணமான புதுசுகள், காலேஜ் பிள்ளைகள். சோளம் நன்றாகப் போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு என் கதை தெரியாதே.

காலையிலிருந்து எதிரே ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாக் குதிரைக்கும் புது லாடம். போகின்றன, வருகின்றன. ஒன்றுகூட நொண்டவில்லை. முன்பெல்லாம் நொண்டுகிற குதிரையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இப்போது நொண்டாத குதிரையைப் பார்த்தால் எரிகிறது. எது நல்ல நடை, எது கல் வைத்த நடை என்று இத்தனை தூரத்திலிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிட்டப் போனால் ஸ்டாண்டில் விரட்டுகிறார்கள். போன வாரம் ஒருவன் சாட்டையையே ஓங்கினான்.

நாலு மணி வாக்கில் சவரி சாம்பல் குதிரையைப் பிடித்துக்கொண்டு என் கடைப் பக்கமாக வந்தான். மேலே ஒரு சின்னப் பெண் குழந்தை, சிவப்புக் குல்லா. வழக்கமாக அவன் எதிர்ப்பக்கமாகத்தான் போவான். இன்று என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றான். குனிந்து சேணத்தின் வாரை இழுத்து இறுக்கினான். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

நான் சோளத்தைத் திருப்பவில்லை.

என்னைப் பார்க்காமல், வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நாலு மாதத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் பேசிய பேச்சு இது.

“எடது முன்னங்காலு. வெள்ளிக்கெழமை வச்சாய்ங்க.”

சொல்லிவிட்டு வாரைத் தட்டிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்து நடந்தான். அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்து எனக்கு டாட்டா காட்டியது. குதிரை ஏரிக்கரை ரோட்டில் நேராக, துளி நொண்டல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.